சென்றியை அழிக்கும் கிருமி

அக்காவின் கணவரோடு நான் கதைத்து இரண்டு வருடமாகிறது. இனிக் கதைக்கப்போவதுமில்லை.

அக்காவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய். கதிர்ச் சிகிச்சை முடிந்து கிளிநொச்சியில் தன் வீட்டில் படுத்திருந்தாள்; நான் பார்க்கப் போயிருந்தேன். அந்தக் கிழமைதான் தரம் ஆறு படிக்கும் மகளிடம், அதே நோய் வராமல் தடுக்கும் ஊசிக்குப் பள்ளிக்கூடத்தில் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். தாயோ தகப்பனோ ஒப்பமிட வேண்டும். மறுநாள் ஊசி. அக்காவின் மனுசன் கடிதத்தை மேசையில் எறிந்தார்.

“என்ர பிள்ளைக்கு உது தேவையில்லை. அவள் தாயைப் போல இல்லை.”

டொக்டர், இது உடலுறவால் தொற்றும் ‘வைரஸ்’ என்று சொன்ன நாளிலிருந்து அவரிடம் ஒரே கேள்விதான்: ஆரிட்ட வாங்கினவள்? அக்காவின் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டார். விசர் மனுசன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள் நான். ஒரு கலண்டர் தாளைத் திருப்பி வட்டமாக உடம்பின் கலம் ஒன்றைக் கீறினேன்.

“பாருங்கோ அத்தான். ஒவ்வொரு கலத்துக்குள்ளையும் காவலுக்கு ஒரு சென்றி நிக்குது. டி.என்.ஏ பழுதான கலத்தை அது பெருக விடாது. திருத்தப் பாக்கும், இல்லாட்டி சாகடிக்கும். இந்த வைரஸ் ஒரு புரதத்தைச் செய்து அந்தச் சென்றியை அழிச்சுப்போடும். இன்னொரு புரதம் பிரேக்கைக் கழட்டிவிடும். பிறகு கலம் கண்டபாட்டுக்குப் பெருகும். கனபேருக்கு வந்து தானாப் போயிடும். சிலருக்கு வருசக்கணக்காக் கிடந்து இப்பிடி வரும்.”

அவர் சிரித்தார். “சென்றியைச் சொல்லித் தப்பாதை. வாசல் படலையைத் திறந்து விட்டது ஆர்?”

“நீங்கள்,” என்றேன். “ஆம்பிளையளிட்ட இது ஒரு குணங்குறியும் காட்டாமல் கிடக்கும். கலியாணத்துக்கு முதலே உங்களிட்ட இருந்திருக்கலாம். அக்காவுக்கு உங்களைத் தவிர ஆரைத் தெரியும்?”

அவர் முகம் கறுத்துப்போனது. “எழும்படி என்ர வீட்டை விட்டு!” என்று கத்தியபடி கடிதத்தைக் கிழிக்க எடுத்தார்.

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து அறையிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் கையிலிருந்து கடிதத்தைப் பறித்தாள்.

“பேனை வைச்சிருக்கிறியோடி?” என்று என்னைக் கேட்டாள். கொடுத்தேன்.

“கையெழுத்து வைச்சால் நீ இந்த வீட்டில இருக்கேலாது,” என்றார் அத்தான்.

அக்கா குனிந்து ஒப்பமிட்டாள்.

“நான் எத்தினை நாளைக்கு இருக்கப்போறன்?” என்றாள். “அவள் இருக்கவேணும்.”