மிதவைச் சட்டைகள்

கடற்கரையில் குடை, சாய்வு நாற்காலி, காற்று வளையம், மிதவைச் சட்டை எல்லாம் வாடகைக்கு விடுகிறவள் என் அக்கா. பதினெட்டு வருஷமாக அதே மணல், அதே இடம். 'குடையக்கா' என்றால்தான் அங்கே தெரியும். சீசன் முடிந்து கடை கட்டிய பிறகுதான் அவளுக்கு உண்மையான வேலையே. ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுப்பாள். நிழலில் மூன்று நாள் காயவைப்பாள். அப்புறம்தான் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் விடுவாள். அவள் பிள்ளைகளைக்கூட இவ்வளவு அக்கறையாகக் குளிப்பாட்டியதில்லை என்று மாமா கிண்டல் செய்வார்.

போன தடவை கடை கட்டும் நேரத்தில் அவளுக்குக் கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. "நான் பாத்துக்கறேன், நீ படு" என்று நான் குதித்தேன். எனக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அறையே பளிச்சென்று ஆகிவிட்டது.

சீசனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா கதவைத் திறந்தாள். பாராட்டுவாள் என்று பக்கத்தில் நின்றேன். அவள் முகம் வெளிறியது.

"சட்டையெல்லாம் எங்கடி?"

"அடியில. நாற்காலிய மேல அடுக்கிட்டேன். எடத்த அடைக்காதுல்ல?"

"அஞ்சு மாசமாவா?" என்றாள். "அத கொடியில தொங்கவிடணும்டி. பாரம் ஏறினா உள்ள இருக்கற ஃபோம் நசுங்கிப் போயிடும். அப்புறம் அது வெறும் துணி."

பெரியவர்கள் சட்டையை ஆணியில் மாட்டியிருந்தேன். அடியில் போனவை பதினொன்றும் குழந்தைகளுடையவை. குட்டியாக இருந்ததால் மடிக்க வசதியாக இருந்தது.

மாமா ஒன்றை எடுத்துப் பிசைந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? சும்மா பயப்படறே."

அக்கா பின்பக்கத்துச் சிமென்ட் தொட்டியை நிரப்பச் சொன்னாள். ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு செங்கல் கட்டினாள். தண்ணீருக்குள் சின்னப் பிள்ளையின் கனம் அவ்வளவுதான் என்று படகுக்காரர் யாரோ சொல்லியிருக்கிறார்.

மூன்று மூன்றாக இறக்கினோம். மிதந்தன. "பாத்தியா" என்று மாமா எடுக்கப் போனார்.

"கையை எடுங்க. கடல்ல போன பிள்ளைய ஒரு நிமிஷத்துலயா தூக்கறாங்க? அரை மணி நேரம் கெடக்கட்டும்."

அந்த அரை மணி நேரங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. உட்கார்ந்தேன், எழுந்தேன், தொட்டியை எட்டிப் பார்த்தேன். போன சீசனில் அவற்றை மாட்டிக்கொண்டு ஓடிய பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து தொலைத்தன. முதல் மூன்றும் தேறின. அடுத்த மூன்றும் தேறின. மூன்றாவது தடவையும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கடைசி இரண்டில் மஞ்சள் நிறச் சட்டை இருபது நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. கழுத்துப்பட்டை தண்ணீருக்குள் போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ" என்று அக்கா புடவையோடு தோள்வரை கையை விட்டு அள்ளினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து மஞ்சள் சட்டையின் பட்டைகளை வெட்டினாள். குப்பையிலிருந்து யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதாம். வெட்டி முடித்துவிட்டு, தேறியவற்றில் ஒன்றை இழுத்தாள்.

"அது மிதந்துச்சேடி!" என்றார் மாமா. "எல்லாத்தையும் வெட்டிட்டு, பிள்ளைங்களோட வர்றவங்களுக்கு என்ன குடுப்பே?"

"இல்லைன்னு சொல்லுவேன்."

"பத்தும் மிதந்துச்சு!"

"இன்னைக்கு மிதந்துச்சு," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "அழுதது போதும். வெட்டறதுக்கு வாகா இழுத்துப் பிடி" என்றாள்.