மட்கார்டின் உள்பக்கம்

மலக்கி ட்ரேனருக்கு அழுக்கு என்றால் ஆகாது.

முப்பத்தோரு வருடம் பால் லாரி ஓட்டினார். எங்கள் ஊர் டிரம்கோராவில் பண்ணை வாசல்களில் முழங்கால் அளவு சேறு கிடந்தாலும் அவருடைய லாரி மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பியது போல மின்னும். ஓய்வு பெற்றபின் துடைக்க லாரி இல்லை. மே மாதம் பிறந்தால் வீட்டுக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார். டப்பாவில் மிச்சம் இருந்தால் பக்கத்து வீட்டுக் கேட்டுக்கும் யோகம். கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் அப்பா அம்மாவின் கல்லைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் படுத்திருப்பவர்களையும் சும்மா விடமாட்டார்.

"மலக்கி பக்கத்துல அசையாம நிக்காதீங்க, துணி போட்டுத் தேச்சுடுவான்" என்பது எங்கள் பழைய டிராக்டர் சங்கத்தில் வருடக்கணக்காக ஓடும் கேலி.

பேச்சுதான் அவருக்கு வராது. மனைவி டிம்ப்னாவிடம் இந்த முப்பத்தாறு வருடத்தில் ஆசையாக ஒரு வார்த்தை சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் அவளுடைய காலணிகள் வாசற்படியில் கண்ணாடி போலக் காத்திருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். டிம்ப்னாவும் வாய் திறக்காத ரகம். இரண்டு ஊமைகள் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தினார்கள். அந்த ஊமைத்தனமே ஒருநாள் அவர்கள் தலையில் இடியாக இறங்கும் என்று யார் கண்டது?

போன வருடம் வசந்தத்தில் டிம்ப்னாவின் அண்ணன் யூனன், பிறந்த வீட்டுக் கொட்டகையைக் காலி செய்தபோது, அங்கே கிடந்த சின்னச் சாம்பல் நிற டிராக்டரைத் தங்கைக்கு அனுப்பி வைத்தார். அவர்கள் அம்மா ரோஸ் ஓட்டிய வண்டி அது. அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. வயல் முழுக்க ரோஸின் பொறுப்பு. டிம்ப்னாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அந்த அம்மாள் இறந்துபோனாள்.

வண்டி வந்த நாளிலிருந்து டிம்ப்னா சாயங்காலம் கொட்டகைக்குப் போய் அதன் இருக்கையில் உட்கார ஆரம்பித்தாள். பக்கத்து மட்கார்டின் உள்பக்கத்தில் ஒரு கை இருக்கும். மலக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைப்பதையும் பார்த்தார்.

பாவம், வண்டி இப்படித் துருப்பிடித்துக் கிடக்கிறதே என்று அழுகிறாள் என முடிவு கட்டினார்.

"அதைச் சரி பண்ணிடலாமா?" என்று கேட்கவும் செய்தார்.

"இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம் மலக்கி."

செலவு வைக்கக் கூடாதென்று சொல்கிறாள் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தார் அந்த மனிதர்.

அவளுடைய கை இருந்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? மட்கார்டுகளின் உள்பக்கத்தில், ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில், ரோஸ் ஆணியால் கீறி எழுதியிருந்தாள். தேதி, அறுத்த வயல், வானம் எப்படி இருந்தது என்பதெல்லாம். கீறல் வழியாகத் துரு ஏறி எழுத்துகள் செம்பழுப்பாகிவிட்டன. ரோஸ் யாருக்கும் கடிதம் எழுதியவள் இல்லை, சமையல் குறிப்புகூட எழுதி வைத்தவள் இல்லை. அம்மாவின் கையெழுத்து என்று டிம்ப்னாவுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த இரண்டு தகரங்கள்தான்.

மலக்கியும் அந்தக் கோடுகளைப் பார்த்திருக்கிறார். துரு என்றுதான் பார்த்தார்.

இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் கிளாஸ்கோவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். டிம்ப்னா ஐந்து வாரம் அங்கே போனாள். ஜூனில் அவளுக்கு அறுபது வயது. மலக்கி முதன்முறையாக ஒரு சதித்திட்டம் தீட்டினார். டிராக்டரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு நேராக ஃபெலிம் ஷெர்ரியிடம் போனார்.

ஃபெலிம் எங்கள் பக்கத்தில் டிராக்டருக்குப் பெயிண்ட் அடிப்பதில் மன்னன். ஆனால் அவனுக்குப் பெயிண்ட் என்றாலே பிடிக்காது. எங்கள் சங்கத்தில் இரண்டு கட்சி. புதிதுபோல ஆக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. வண்டி அதன் "வேலை உடுப்பிலேயே" இருக்கட்டும், பட்ட அடியும் போன நிறமும்தான் அதன் வாழ்க்கை என்பது இன்னொன்று. ஃபெலிம் இரண்டாவது கட்சி. வயிற்றுக்காக முதல் கட்சிக்கு வேலை செய்கிறான். அதனால்தான் எந்த வண்டியிலும் மணலைப் பீய்ச்சித் துரு எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பாகத்தையும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, கடைசியாக ஒருமுறை கண் குளிரப் பார்த்துக்கொள்வான்.

மூன்று வாரம் கழித்து மலக்கி போனபோது வண்டி முகம் பார்க்கும்படி நின்றது.

"மட்கார்டு ரெண்டும் மாத்திட்டேன்" என்றான் ஃபெலிம். "இது வேற வண்டியோடது. பழசு உள்ள இருக்கு. என்ன பண்ணட்டும்?"

"அந்த ஓட்டைத் தகரமா? வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரன் வருவான் இல்ல, தூக்கிப் போட்டுடு."

"தூக்கிப் போடவா?"

"பின்ன, கட்டிக்கிட்டு அழவா?"

ஃபெலிம் அவரை மேலும் கீழும் பார்த்தான். கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தங்கமான ஆள், கொஞ்சம் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு மலக்கி வண்டியை ஏற்றினார். அதை இரண்டு வாரம் எங்கள் கொட்டகையில்தான் ஒளித்து வைத்தோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

சங்கத்தின் ஊர்வலம் ஜூன் முதல் ஞாயிறு. முந்தின நாள் இரவுதான் டிம்ப்னா கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்தாள். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நாற்பத்து மூன்று டிராக்டர்கள் உறுமிக்கொண்டு நின்றன. பாதிரியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் மலக்கி அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து, ஒரு படுதாவை இழுத்தார்.

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். இன்று நினைத்தால் கை கூசுகிறது.

டிம்ப்னா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்தாள். மட்கார்டின் உள்பக்கம் விரல்களை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது. அவள் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

"ரொம்ப அழகா இருக்கு மலக்கி" என்றாள்.

ஏறி உட்கார்ந்து ஓட்டினாள். ஏரியைச் சுற்றிப் பதினான்கு மைல். மலக்கி தன் சிவப்பு டிராக்டரில் பின்னாலேயே போனார். அவள் அடிக்கடி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மட்கார்டின் உள்பக்கம் தேடுவதைப் பார்த்தார். தேடும். கிடைக்காமல் திரும்பி வரும். மறுபடி தேடும்.

ஊர்வலம் முடிந்து ஹாலில் டீ. நான்தான் ஊற்றினேன்.

"ஏய் டிம்ப்னா, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு!" என்றாள் எங்கள் சங்கத்து ஜோசி. "அழாம என்ன பண்ணுவே! எங்க வீட்டுக்காரன் என் அறுபதுக்கு ஒரு வாளி வாங்கித் தந்தான். அதுவும் ஓட்டை."

"ஓட்டை நீ போட்டது" என்று பின்னாலிருந்து அவள் புருஷன் குரல் வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். டிம்ப்னாவும் உதட்டை இழுத்துச் சிரித்துவிட்டு மூலை மேஜைக்குப் போனாள். மலக்கி ஹாம் சாண்ட்விச் தட்டோடு எதிரில் உட்கார்ந்தார்.

"பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு."

"டிம்ப்னா."

அவள் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மட்கார்டுல அம்மா எழுதியிருந்தா. ஆணியால. உள்பக்கம்."

"எழுதி…?"

"தேதி போட்டு. அது ஒண்ணுதான் மலக்கி என்கிட்ட இருந்துச்சு."

"நான் துருன்னு…"

"தெரியும். உன் மேல தப்பு இல்ல. நான்தான் சொல்லல. வாய் திறந்தா அழுதுடுவேன்னு சொல்லாமலே இருந்துட்டேன்." அவருடைய கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீ ஆசையாதானே பண்ணுன."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்த மன்னிப்பை எப்படித் தாங்குவார்? அப்போதுதான் அவருக்கு ஃபெலிமின் வாசலும், தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளும் நினைவு வந்தன. தூக்கிப் போட்டுடு. அதற்கப்புறம் இரண்டு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. எழுந்தார். தட்டு கவிழ்ந்தது. வெளியே ஓடினார். வெட்கப்பட்டு ஓடுகிறார் என்று டிம்ப்னா நினைத்தாள்.

வெளியே அவருக்கென்று இருந்தது சிவப்பு டிராக்டர் மட்டும். காலையில் அதில்தானே வந்தார். ஃபெலிமின் வீடு நாலு மைல். உயிர் போகிற அவசரத்தில் ஒரு மனிதர் மணிக்குப் பன்னிரண்டு மைல் வேகத்தில் கிளம்பினார். அதற்கு மேல் அது ஓடாது. பின்னால் ஒன்பது கார்கள் சேர்ந்துகொண்டு ஹாரன் அடித்தன. ஒரு பையன் கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, நீங்க முன்னால போறீங்களா பின்னால போறீங்களா?" என்று கத்தினான். மலக்கி காதில் எதுவும் விழவில்லை. இரும்புக்கடைக்குப் போவேன், அங்கே இல்லையென்றால் துறைமுகத்துக்குப் போவேன், கப்பல் ஏறியிருந்தால் கப்பல் போன ஊருக்குப் போவேன் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினாராம்.

ஃபெலிம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், தோலோடு அவித்த உருளைக்கிழங்கு. ஊர்வலத்துக்கு அவன் வரவில்லை. தான் பெயிண்ட் அடித்த வண்டிகளை அவன் போய்ப் பார்ப்பதில்லை.

"வாடா, கல்நெஞ்சக்காரா" என்றான்.

"ஃபெலிம், அந்த மட்கார்டு…"

"தூக்கிப் போடச் சொன்னியே."

"போட்டுட்டியா?"

ஃபெலிம் ஓர் உருளைக்கிழங்கை நிதானமாகத் தோல் உரித்தான். "முதல்ல ஒண்ணு சொல்லு. அதுல இருந்ததைப் படிச்சுட்டுதான் சொன்னியா?"

"துருன்னு நெனச்சேன். சத்தியமா துருன்னுதான் நெனச்சேன் ஃபெலிம்."

ஃபெலிம் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அட முட்டாளே! வெறும் முட்டாளா நீ! நான் உன்னை ராட்சசன்னு இல்ல நெனச்சேன்! அவ புருஷனுக்குத் தெரியாம இருக்குமான்னு… ரெண்டு வாரமா ஜெபத்துல உன் பேரைக்கூடச் சேர்க்கலடா! டிம்ப்னா வந்ததும் அவ கையில குடுத்துட்டு, உன்னைப் பத்தியும் நாலு வார்த்தை சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்ப… இருக்கா?"

"மேல வா."

மாடியில் விருந்தாளிக்கான கட்டில். அதில் கம்பளி போர்த்தி, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு நோயாளிகளைப் போலப் படுத்திருந்தன இரண்டு மட்கார்டுகளும். "கொட்டகையில ஈரம்" என்றான் ஃபெலிம், கொஞ்சம் கூச்சத்தோடு.

மலக்கி கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் தடவையாகப் படித்தார்.

ஜூன் 9. கீழ் வயல் அறுத்தாச்சு. நல்ல வெயில்.

ஜூலை 2. மழை. மழை. மழை.

ஆகஸ்ட் 20. ஓட்ஸ். டி. என் மடியில். முழுக்கத் தூங்கினாள்.

"கழுவுறப்ப அந்த டி. யாருன்னு எனக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுது" என்றான் ஃபெலிம். "உனக்கு ஒரு வருஷம் ஆகியும் தெரியல." மலக்கி கண்ணாடியைக் கழற்றினார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தது ஃபெலிமின் வேனில். மட்கார்டுகளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன் என்று மலக்கி பின்னால், அவற்றோடு தரையிலேயே உட்கார்ந்து வந்தார்.

ஹாலில் கூட்டம் கலைந்துவிட்டது. டிம்ப்னாவும் நானும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, ஒரு கம்பளி மூட்டையைக் கட்டியணைத்தபடி மலக்கி உள்ளே வந்தார். தலைமயிரெல்லாம் கலைந்து, சட்டை முழுக்கத் தூசி. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மேஜை மேல் வைத்து விரித்தார்.

டிம்ப்னாவின் கையிலிருந்த கோப்பையை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, விரலை மெதுவாக வைத்தாள். அப்புறம் சிரித்தாள்.

"மழை மழை மழைன்னு… எங்கம்மாவுக்கு வந்த கோவத்தைப் பாரு!" விரல் கீழே நகர்ந்தது. "இது நான், மலக்கி. தூங்கினது நான்."

"படிச்சேன்" என்றார் அவர். பிறகு, இந்த மனிதர் வாயிலிருந்து வரும் என்று நான் கனவிலும் நினைக்காதது வந்தது. "எனக்கு இன்னும் படிச்சுக் காட்டு டிம்ப்னா. எல்லாத்தையும் சொல்லு."

ஃபெலிம் வாசலிலேயே நின்று மூக்கைச் சிந்தினான். "டீ இருக்கா, இல்ல அதையும் கழுவி ஊத்திட்டீங்களா?" என்றான்.

அடுத்த வாரமே பழைய மட்கார்டுகளை அந்தப் பளபளக்கும் வண்டியில் மாட்டிவிட்டார்கள். புதுக் கோட்டுக்குக் கிழிந்த கைகளைத் தைத்தது போல இருக்கிறது. சங்கத்தின் இரண்டு கட்சிகளும் ஒருமனதாகச் சிரித்தன. மலக்கி கவலைப்படவில்லை. சனிக்கிழமை தோறும் வண்டியை மூக்கிலிருந்து வால் வரை துடைக்கிறார். டிம்ப்னா இருக்கையில் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள், அம்மாவைப் பற்றி, கீழ் வயலைப் பற்றி. துணி மட்கார்டுப் பக்கம் வரும்போது மட்டும் பேச்சை நிறுத்துவாள்.

"மலக்கி."

"தெரியும், தெரியும்" என்று துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்வார்.