பனி இளகும் நேரம்

மலையுச்சியிலிருந்து சறுக்கி இறங்கப்போவதாக என் மனைவி அறிவித்தது மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில், புட்டு அவித்துக்கொண்டிருந்த வேளையிலாகும். சிறுவர் பள்ளியொன்றில் நெடுங்காலம் பணிபுரிபவர் அவர். பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்லும் கடமையின் நிமித்தம் ஐம்பது வயதுக்கு மேல் சறுக்கப் பழகியிருந்தார். ஆயினும் பிள்ளைகளுக்கான சிறு மேட்டைத் தாண்டி அவர் ஒருநாளும் போனதில்லை.

அவருடைய வலது முழங்காலுக்கு ஏப்ரலில் சத்திரசிகிச்சை செய்யவிருந்தார்கள். அதன்பின் சறுக்க முடியுமா என்று கேட்டதற்கு வைத்தியர் தோள்களை உயர்த்திக் காட்டினாராம். அதற்குமுன், மிக இலகுவான சரிவில், பனி மென்மையாக இருக்கும் நாளில், ஒருமுறை இறங்கலாம், விழக்கூடாது. இதுவே அவருக்குக் கிடைத்த அனுமதி.

"இஞ்சாருங்கோ, நாளும் நேரமும் பாத்துச் சொல்லுறது உங்கட வேலை," என்றார். "விழுந்தனெண்டால் பழியும் உங்களுக்குத்தான்."

இப்பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டிய காலத்தில், வானொலியின் வானிலை அறிக்கையே நோர்வேஜிய மொழியில் நான் முதன்முதலாக விளங்கிக்கொண்ட பேச்சு. அதே சொற்கள் நாள்தோறும் திரும்பி வந்தமையால் அவை என்னோடு ஒட்டிக்கொண்டன. ஒஸ்லோவுக்கு வந்து பஸ் கழுவும் வேலையில் சேர்ந்த பின்னரும், அறிக்கை கேளாமல் நான் சப்பாத்து அணிந்ததில்லை. ஆனால் எனது அறிவெல்லாம் நடைபாதைக்கு உரியது. மலை வேறு.

ஆகவே நான்கு நாட்கள் படித்தேன். முதலில் புரிந்தது, ஒஸ்லோவில் நாங்கள் வசிக்கும் ரொம்மனின் வெப்பநிலை மலைக்குப் பொருந்தாது என்பது. தெளிந்த இரவுகளில் குளிர் கீழிறங்கி எங்கள் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். மேலே அவ்வளவு குளிர் இராது. பலகணியில் கையை நீட்டிப் பார்த்து மலையைத் தீர்மானிக்கும் எங்களவர் பழக்கத்தை அன்றே கைவிட்டேன். அடுத்து, சறுக்குத்தளத்தின் பனி அறிக்கை இரவில் இயந்திரம் சீர்செய்த பனியைப் பற்றியே பேசுகிறது. காலையில் வெயில் அதை என்ன செய்யும் என்பதை வானிலை அறிக்கையில்தான் தேட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பயன். இளவேனிற் காலத்தில் பகலில் உருகும் பனி இரவில் உறைந்துவிடும். காலையில் அது கண்ணாடி. மதியத்தை அண்டி நல்ல பனி. பின்னேரம் கூழ்.

சனிக்கிழமைக்கு முந்திய இரவு தெளிந்த வானம், பூச்சியத்துக்குக் கீழே நான்கு, பகலில் மேலே ஐந்து, பிற்பகலில் முகில். ஞாயிறன்று பெருமழை. அந்த மழைக்குப் பின் சரிவு இவ்வாண்டு திறக்காது என்று தளத்தாரே எழுதியிருந்தார்கள். எனவே சனிக்கிழமை, பதினொரு மணி என்று குறித்துக் கொடுத்தேன். மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார்.

பிழை எங்கே நேர்ந்ததென்றால், சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகுகாலம். எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு அந்நேரத்தில் வாசற்படி தாண்டுவதில்லை. அது தொடங்குமுன் புறப்பட்டுவிட வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமே எழவில்லை. நான்கு நாள் படித்த நானே எட்டரை மணிக்குக் காரை எடுத்தேன். மலையில் வாகனத்தை நிறுத்தி இறங்கி முதல் அடி வைத்தபோது காலடியில் கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்டது. அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

மனைவியோடு சறுக்கவென வந்திருந்த அவருடைய சக ஊழியர், எங்கள் வயதை ஒத்த நோர்வேஜியப் பெண்மணி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணி என்றல்லவா சொன்னீர்கள், ஏன் இத்தனை வேளைக்கு அழைத்தீர்கள் என்று கேட்டார். மனைவி ராகுகாலத்தை நோர்வேஜிய மொழியில் விளக்கினார். தோழி மேலே பளபளத்த சரிவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்படியானால் இந்த மலைக்கும் அது தெரிந்திருக்கிறது. பத்தரை வரை இதில் ஒருவரும் இறங்கக்கூடாது," என்றார்.

தேநீரும் ரோல்ஸும் தீர்ந்தன. மனைவிக்குப் பொறுமையும் தீர்ந்தது.

"நான் மெல்ல மெல்லப் போறன். எல்லாரும் போகினந்தானே."

"அவையின்ர முழங்கால் வேறை. இரும்."

"பனி வாத்தியார் பெல் அடிச்சால்தான் போகலாமோ?"

"ஓம். பெல் இன்னும் அடிக்கேல்லை."

வேலியோரப் பனியில் பத்து நிமிடத்துக்கொருமுறை குதிகாலை ஊன்றிப் பார்த்தேன். பத்தரைக்குக் குதி சற்றே இறங்கியது. ஆனால் அடிவாரம் முதலில் இளகும், உச்சி பின்னரே இளகும் என்று படித்திருந்தேன். உச்சிக்குப் போய்க் குதியூன்ற எனக்கு வழியில்லை. ஆகவே செவியை நம்பினேன். ஒன்பது மணிக்கு மேலிருந்து வந்தவர்களின் சறுக்குப் பலகைகள் தேங்காய்ச் சிரட்டையைச் சுரண்டுவதுபோலக் கரகரத்தன. பதினொரு மணியளவில் அடிவாரத்தில் அந்தக் கரகரப்பு நின்றது. உச்சி வளைவில் மாத்திரம் நிற்கவில்லை. அவ்வேளை பார்த்து, பிற்பகலுக்கென்று அறிவிக்கப்பட்ட முகிலின் ஒரு துண்டு முந்திக்கொண்டு வந்து வெயிலை மறைத்தது.

மனைவி என் முகத்தையே பார்த்தார். இப்போது அனுப்பினால் உச்சியில் பனிக்கட்டி. காத்திருந்து முகில் மூடிவிட்டால் அவருக்கு இனியொரு சந்தர்ப்பம் இல்லை. கைப்பேசியில் காற்றின் வேகத்தைப் பார்த்தேன். மேலே காற்று பலமாக இருந்தது. இந்தத் துண்டு நில்லாது என்று கணித்தேன்.

"இன்னும் கால் மணித்தியாலம்," என்றேன்.

"பிழைச்சுதெண்டால் இண்டைக்குச் சமையலும் நீங்கள்தான்."

முகில் விலகியது. வெயில் முன்னிலும் பலமாய் விழுந்தது. சிறிது நேரத்தில் உச்சி வளைவில் திரும்பிய ஒருவரின் பலகையிலிருந்து, அரிசிமாவை அரிதட்டில் இட்டு அசைக்கும் ஓசையே எழுந்தது.

"இப்ப போம்," என்றேன்.

நாற்காலி லிஃப்ட் இருவரையும் தூக்கிச் சென்றது. நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பின்னர் உச்சி வளைவில் மனைவியின் சிவப்பு ஜாக்கெட் தோன்றி, அகலமான வளைவுகளாக, அவசரமின்றி, தையல் இயந்திரத்தில் துணி நகர்வதுபோல இறங்கி வந்தது. நடுவே ஒருதரம் தள்ளாடியது. நான் வேலியைப் பிடித்தேன். அது நிமிர்ந்துகொண்டது. கடைசி நூறு மீற்றரில் அவர் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. திருமணமான இத்தனை ஆண்டுகளில் அவர் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை.

வேலியருகே நின்று, கண்களை மூடியிருந்த கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். கன்னங்கள் சிவந்திருந்தன.

"எப்பிடியப்பா?" என்று கேட்டேன்.

"பனி நல்ல பனி," என்றார்.

முழங்காலைப் பற்றி நான் வாயெடுக்குமுன் அவர் திரும்பிவிட்டார். அனுமதி ஒருமுறைக்குத்தான் என்று நான் கூப்பிட்டுச் சொன்னது அவர் காதில் விழுந்ததோ தெரியாது. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னிடம் நேரம் எதுவும் கேளாமல், அவர் மறுபடியும் லிஃப்டின் வரிசையில் போய் நின்றார்.