தீர்த்தச் சாடிக்குக் காவல்

எங்கள் வீட்டுத் தீர்த்தச் சாடியில் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், குடியிருந்தன. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தம்பியும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பான்.

பினாங்கில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசையின் நடுவில் எங்கள் வீடு. அப்பா சம்பாதித்தார், அப்பாவின் அக்கா ஆட்சி செய்தார். ஆண்டுதோறும் அன்னம்மாள் திருநாளுக்கு அத்தை கடல் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் போய், கோயில் ஊற்றில் தண்ணீர் பிடித்து வருவார். அதை ஊற்றி வைக்க முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே, இடுப்பளவு மண்சாடி. தீர்த்தத்தைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாது. சாடி வற்றவும் கூடாது. குறையக் குறைய அத்தை குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுவார். பழைய தீர்த்தம் கொஞ்சம் மிச்சமிருந்தால் போதும், சேர்கிற தண்ணீரும் தீர்த்தமாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே அந்தச் சாடி எனக்கு நினைவு தெரிந்து காலியானதும் இல்லை, கழுவப்பட்டதும் இல்லை. பலகையால் மூடினால் மரியாதைக் குறைவு என்று, தன் கையால் பின்னிய லேஸ் துணியைப் போர்த்தியிருந்தார். துணி நிறைய ரோசாப் பூக்கள். பூவுக்குப் பூ ஓட்டை.

அந்த ஓட்டை வழியாகத்தான் நான் சம்மனசுகளைப் பார்ப்பேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கும். சாடியைத் தட்டினால் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். பிரியதத்த மந்திரம் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் மேலே வந்துவிடும். செபத்துக்கு அப்படிக் கீழ்ப்படிகிற உயிர் சம்மனசாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்?

அந்த ஆண்டு எங்கள் தெருவில் காய்ச்சல் புகுந்தது. எலும்பையெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கும் காய்ச்சல். அத்தை சும்மா இருப்பாரா? காய்ச்சல் கண்ட வீட்டாரை மாலையில் எங்கள் முன்னறைக்கு அழைத்து, செபமாலை சொல்லி, தீர்த்தம் தெளித்து அனுப்பினார். விபூதிக்காரர், சீனர் என்ற பேதமில்லை. காய்ச்சல் கூடியது, கூடக் கூட செபத்துக்கு வரும் கூட்டமும் கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் கொசு இன்ஸ்பெக்டர் வந்தார். தலையில் தொப்பி, தொப்பிக்குக் கீழே பட்டை பட்டையாக விபூதி. தேங்காய்ச் சிரட்டை, தகர டப்பா என்று தண்ணீர் தேங்கிய எதையும் விடாமல் கவிழ்த்துக்கொண்டே, முதலில் படுத்தது யார், மாலையில் எங்கே போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அக்கா வீட்டுக்குச் செபத்துக்குப் போனோம்." கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் பின்னாலேயே பாதித் தெருவும் வந்தது.

லேஸ் துணியைத் தூக்கிச் சாடிக்குள் பார்த்தார்.

"தம்பி, அது தீர்த்தம்," என்றார் அத்தை. "அதைக் கொட்டுறதுன்னா மொதல்ல என்னைத் தூக்கி வெளிய போட்டுட்டு அப்புறம் கொட்டு."

இன்ஸ்பெக்டர் அத்தையைப் பார்த்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். சம்மனசுகளுக்கு என்ன ஆகுமோ என்று நான் சாடியை ஒட்டி நின்றுகொண்டேன்.

"கொட்ட வேணாங்க்கா," என்றார். "இத்தனை பேருக்குக் குடுக்கிற தீர்த்தம். இதுக்குக் காவல் போடணும் லா. அப்புறம், இவ்ளோ அழகான லேசு, தூசி படலாமா? மேல ஒரு பலகை போடுங்க."

லேசைப் புகழ்ந்ததும் அத்தையின் முகம் இளகிவிட்டது. பலகைக்குச் சம்மதித்தார்.

காவல் என்று அவர் சொன்னது மீனை. வாசலில் ஓடும் லோங்காங் சாக்கடையில் விரல் நுனி அளவு மீன்கள் திரியும். அதில் கால் வைத்தால் காலை ஒடிப்பேன் என்று சொல்லி வளர்த்த அத்தை, அன்று ஊர் பார்க்க என்னிடம், "போ, புடிச்சிட்டு வா," என்றார். அதைப் போல இனித்த கட்டளை என் ஆயுளில் வேறில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் குதித்தார்கள். மீனைவிடச் சேறுதான் அதிகம் கிடைத்தது.

சாக்கடை மீனைத் தீர்த்தத்தில் விடுவதா? அத்தை சற்று யோசித்தார். மீன்களை நல்ல தண்ணீரில் அலசி, சாடியிலிருந்தே ஒரு கை தீர்த்தம் அள்ளி அவற்றின்மேல் தெளித்து, "இப்ப சரி," என்று உள்ளே விட்டார். தெருவே கைதட்டியது.

காய்ச்சல் மெல்ல மெல்ல ஓய்ந்தது. தீர்த்தத்தின் மகிமை என்றார் அத்தை, தெரு ஆமோதித்தது. மறுபடி வந்த இன்ஸ்பெக்டரும் தலையாட்டி, கை நீட்டித் தீர்த்தம் வாங்கி, விபூதி கலையாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

காய்ச்சல் பரவியது எந்தச் சாடியிலிருந்து என்று அவருக்கு முதல் நாளே தெரியும். அன்று வாசலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தை அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருக்க மாட்டார். அந்த மனிதரை இப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? மீன் விட்ட மறுநாள் காலையில் பலகையை நகர்த்திப் பார்த்தேன். மீன்கள் வயிறு புடைக்க நீந்திக்கொண்டிருந்தன. ஒரு சம்மனசுகூட மிச்சமில்லை. அந்தப் பாவி இன்ஸ்பெக்டருக்கு அத்தை தன் கையால் காப்பி வேறு கலந்து கொடுத்தாரே என்று அழுதேன்.