கடைசி வயலுக்கு ஒரு கதிரை

பெரும்போகம் தொடங்குமுன் நான் கொழும்பிலிருந்து கல்முனைக்குப் போனது கடற்கரை பார்க்க அல்ல, ஒரு கூட்டம் பார்க்க. மாவட்ட விவசாயக் குழுவில் எங்கள் வட்டைக்கு, அதாவது ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல்வெளிக்கு, ஒரு கதிரை, அதாவது ஓர் உறுப்பினர் இடம், உண்டு. அதில் யார் இருப்பது என்று தெரிவு செய்யத்தான் அந்தக் கூட்டம். தண்ணீர் எப்போது, எந்த முறையில் திறப்பது என்று அந்தக் குழுவில்தான் பேசி முடிப்பார்கள். போன போகத்தில் வாய்க்காலின் கடைமடையிலிருக்கும் என் ராத்தாவின், என் அக்காவின், வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. கதிரெல்லாம் பதர். இந்த முறையும் காய்ந்தால் அவர் வேளாண்மையை விடவேண்டியதுதான்.

இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கல்முனையில் இறங்கலாம். கல்முனைக்குடியில் சாப்பிட்டுவிட்டு ஓட்டோ பிடித்தேன். சம்மாந்துறைப் பக்கம் பத்துக் கிலோமீற்றர், ஆயிரம் ரூபாய். கூட்டம் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று சாரதி சிரித்தார். அறுகம்பைக் கடற்கரைக்குப் போகிறவர்களைத்தான் அவர் கண்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் வயலைப் பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கூட்டத்துக்கு மட்டும் மாப்பிள்ளைமார் போவார்கள். அன்று ராத்தா தானே வந்து முன்வரிசையில் இருந்தார்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி வழக்கம்போல அந்தக் கதிரைக்கு ஒரு பெயரைச் சொன்னார். தலைமடையில் வயலுள்ள ஹாஜியார் ஒருவர். நன்றாகச் சிங்களம் கதைப்பார். எல்லாரும் தலையாட்டப் போகும் நேரத்தில் ராத்தா எழும்பினார்.

“சேர், ஹாஜியார்ர வயலுக்கு முதல்ல தண்ணி வந்திரும். மத்தவங்களுக்கு வந்ததா எண்டு அவருக்குத் தெரியாது. என்ட வயல் கடைசி. எனக்கு வந்தா எல்லாருக்கும் வந்துட்டெண்டுதானே கணக்கு?”

குழுவில் சிங்களத்தில் கதைக்க வேண்டிவருமே என்று அதிகாரி இழுத்தார். உடனே எழும்பியவர் ஹாஜியார்தான்.

“அதுக்கு நான் கூடப் போறன், சேர். கதிரை தங்கச்சிக்கே இருக்கட்டும்.”

முதலில் உயர்ந்ததும் அவருடைய கைதான். பிறகு எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ராத்தாவை நினைத்து மட்டுமல்ல, என் ஊரை நினைத்தும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் பூட்டிவிடும். குடை கொண்டுபோங்கள், வெயில் விடாது. வாய்க்கால் தொடங்கும் இடம் அழகாகத்தான் இருக்கும். அங்கேயே படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடைசி வயல் வரை நடங்கள். அங்கே தண்ணீர் நின்றால் ராத்தாவின் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். நிற்கவில்லையென்றால் அதையும் அவரிடமே போய்ச் சொல்லுங்கள். அதற்குத்தான் அவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள்.