நான் வெட்டிய ஒரே வாஷர்

பேய், தெய்வம், காட்டுக் காவல் என்று யாராவது கதை விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். நான் லொறிகளுக்கு வயரிங் வேலை செய்தவன். கரண்ட் வருகிறதா இல்லையா என்பது டெஸ்ட் லாம்பை வைத்தால் தெரிந்துவிடும், அதற்கு மேல் எனக்கு எந்தச் சாமியும் இல்லை. நீங்களும் நம்பப்போவதில்லை, உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

அறுபதுகளில் மாத்தளையில் நானும் என் மனைவியின் தம்பி சண்முகமும் சேர்ந்து ஒரு கராஜ் வைத்திருந்தோம். எஞ்சின் வேலை அவனுக்கு, வயரிங் எனக்கு. எங்களுக்குச் சோறு போட்டதே உக்குவளை முதலாளி ஒருவருடைய லொறிகள்தான். அவருடைய டீசல் லொறி ஒன்றின் எஞ்சினைச் சண்முகம் இறக்கிப் பிரித்து, புதுசாக்கி ஏற்றினான். ஏற்றிய பிறகு ஸ்டார்ட்டரை அமுக்கினால் டொக் என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. லைட்டும் அழுது வடிந்தது. முதலாளி கேட்டதும் சண்முகம் கொஞ்சமும் கூசாமல் என்னைக் கை காட்டினான்.

"எஞ்சின் தங்கமா இருக்கு முதலாளி. கோளாறு வயர்லதான். மச்சான கேளுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெட்டரி நல்ல சார்ஜில் இருந்தது. ஸ்டார்ட்டர் வரைக்கும் கரண்ட் வந்தது. பிறகுதான் கண்ணில் பட்டது, இந்தப் புத்திசாலி எஞ்சின் முழுவதும் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறான்! முதலாளி பார்த்ததும் புது எஞ்சின் மாதிரி பளபளக்க வேண்டுமாம். பாஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற எங்கள் ஊர் எஞ்சின் மெக்கானிக்மார் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. எஞ்சினையும் சேஸியையும் சேர்க்கிற ஏர்த் வயரை அந்தப் பெயிண்டுக்கு மேலேயே வைத்து முடுக்கியிருந்தான். பெயிண்ட் தாண்டிக் கரண்ட் எப்படித் திரும்பும்?

அரத்தால் ராவி இரும்பை வெளியே எடுத்தேன். செம்புத் தகட்டில் ஒரு வாஷர் வெட்டினேன். ஆத்திரத்தில் உளி வழுக்கி அதன் ஓரத்தில் கோணலாக ஒரு வெட்டு விழுந்தது. போட்டு முடுக்கினேன், லொறி உடனே பிடித்தது. சண்முகம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, பழைய வயர் எப்படியும் வழியில் கழுத்தறுக்கும் என்றான்.

முதலாளிக்கு அலுத்துவிட்டது. "பல்லேகமயில நெல்லு களத்துல கெடக்கு, மழ வாற மாதிரி இரிக்கி. லொறி ஒழுங்காப் போய் வந்தா பிழ சண்முகத்துட. வழியில நின்டா உங்கட. பிழ விட்டவன் இனி என்ட லொறில கை வைக்கப்படாது."

ஆகவே டிரைவர் பியதாசவோடு நானும் ஏறினேன். ரத்தோட்டை தாண்டி மலை ஏறி, மறுபக்கம் இறங்குகிற காட்டு வழியில் ஒரு மரம் இருக்கிறது. போகிறவர்கள் எல்லாரும் அங்கே இறங்கி, இலையோடு ஒரு கொப்பு ஒடித்து அதில் தொங்கவிட்டு, காட்டைக் காக்கிற தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பியதாச பிரேக்கை மிதித்தான்.

"கொஞ்சம் பொறுங்க பாஸ், கொப்பு போட்டுட்டு வாறேன்."

"நிப்பாட்டின, தெரியும் சேதி! ஒன் கொப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஓட்டு!"

அவன் மரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். அடுத்த வளைவில் கியரைத் தவற விட்டான், எஞ்சின் நின்றது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் டொக் சத்தம்கூட இல்லை. பட்டப்பகல், நல்ல வெளிச்சம். லொறி உருளாமல் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, பெட்டரி வயரைக் கழற்றினேன். ஏர்த் போல்ட்டையும் கழற்றி வாஷரைச் சட்டைப்பையில் போட்டேன். இரும்பு பளிச்சென்று இருந்தது, ஒரு குறையும் இல்லை. சில்லை உதைத்தேன். சண்முகத்தின் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன். அது என் மனைவியின் பரம்பரையும்தான் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

இதற்கிடையில் பியதாச நடந்துபோய் மரத்தில் கொப்பைத் தொங்கவிட்டு வந்திருக்கிறான். வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏறி ஸ்டார்ட்டரை அமுக்கினான். எஞ்சின் பிடித்தது!

பெட்டரி வயர் என் கையில் இருந்தது, ஐயா. டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் கரண்ட் வேண்டாம், எனக்கும் தெரியும். ஆனால் தொடங்க வேண்டுமே! ஸ்டார்ட்டர் சுற்றிய சத்தத்தை நான் கேட்டேன். சரிவில் உருட்டி எடுத்திருப்பான் என்பீர்கள், கல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"என்னடா செஞ்ச?" என்று கத்தினேன்.

"ஸ்டார்ட்டர அமுக்கினேன் பாஸ். வேற என்ன?"

இரண்டு வயரையும் கழன்றபடியே விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். நெல் ஏற்றும்போதும் எஞ்சினை நிறுத்த விடவில்லை. திரும்பும்போது பியதாச அந்த மரத்தடியில் இறங்கிக் கொப்புப் போட்டான், நான் தடுக்கவில்லை.

கராஜில் முதலாளியும் சண்முகமும் காத்திருந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "ஏர்த் வயர் கழண்டு கெடக்கு, பெட்டரி வயரும்தான். பாருங்க," என்றேன்.

சண்முகம் குனிந்து பார்த்தான். "எங்க மச்சான் கழண்டு கெடக்கு? ரெண்டும் இறுக்கமா இருக்கே."

என்னைக் கேலி செய்கிறான் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. போல்ட்டை அவனே கழற்றினான். உள்ளே என் செம்பு வாஷர், ஓரத்தில் அதே கோணல் வெட்டு. சட்டைப்பையில் கை விட்டேன். அங்கேயும் அதே வாஷர், அதே வெட்டு.

"ரெண்டு வெட்டி வச்சுக்கிட்டு நாடகமா ஆடுறீங்க?" என்றான் சண்முகம். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். முதலாளி தடுத்தார். இரண்டு வாஷரையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவருடைய லொறி எதுவும் எங்கள் கராஜுக்கு வரவில்லை. அந்த வாரமே சண்முகம் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு தனியே போனான். இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

அவன் சொன்னது உண்மையாக இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. நானே இரண்டு வெட்டி மறந்திருப்பேன் என்று நம்பிவிட ஆசைப்பட்டு, அதே உளியால், அதே தகட்டில் எத்தனையோ தடவை வெட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றின் வெட்டு இன்னொன்றோடு சேரவே மாட்டேன் என்கிறது. அந்த இரண்டு மட்டும் சேர்கின்றன, மயிரிழை பிசகாமல்.