வெயிலில் நிற்கும் வண்டி

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன் வாங்கினோம். அதிலுள்ள ஃப்ரிட்ஜ் கேஸ் சிலிண்டரில் ஓடட்டும் என்றேன். நான் சொல்லி என் மனைவி எதைக் கேட்டிருக்கிறாள்?

"ஏன்னா, ஓடற வண்டியில நெருப்பா? சோலாரே போதும்."

மாட்டுங்காவிலிருந்து பாலக்காட்டுக்குக் கிளம்பினோம். ஃப்ரிட்ஜில் அவள் அரைத்த தோசை மாவு. வெயில் பட்டால் அவளுக்குத் தலைவலி வரும். அதனால் வழியெல்லாம் மர நிழலாகப் பார்த்து நிறுத்தினேன். கூரையிலிருந்த சோலார் பேனலை மறந்தே போனேன்.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜைத் திறந்தாள். புளித்துப் பொங்கிய மாவு அவள் காலில் வழிந்தது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"எனக்காகத்தானே நிழல்ல நிறுத்தினேள்?" என்றவள், வெங்காயம் நறுக்கி ஊத்தப்பம் வார்த்தாள்.

அன்று முதல் வண்டி வெயிலில்தான் நிற்கிறது. பக்கத்தில், அவளுக்குக் குடை பிடித்தபடி நான்.